செலஸ்டியா: ஜி விசையைத் தொடாதவரை அருமையான மென்பொருள்

பிரபஞ்சத்தில் பூமி எங்கே கிடக்கிறது, எது எவ்வளவு தூரம் என்று காட்டும் மென்பொருள்களில் செலஸ்டியா பழைய கை. கிறிஸ் லாரல் 2001-இல் வெளியிட்டது. இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், பழைய கணினியிலும் அவ்வளவாகத் திணறாது. இத்தனை நல்லது இருந்தும், புதிதாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்யும் காரியமே தூரத்தைப் பற்றித் தப்பான எண்ணத்தை மனதில் பதித்துவிடுகிறது.

என்டர் தட்டி, பெயரை எழுதி, மறுபடி என்டர், பிறகு ஜி. "அங்கே போ" என்று அர்த்தம். நிலாவுக்குப் போக ஐந்து நொடி. ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்குப் போகவும் அதே ஐந்து நொடி. முன்னது 3,84,400 கி.மீ., பின்னது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் போகும் தூரம்). எந்தப் பயணமானாலும் ஐந்து நொடிக்குள் முடியும்படி மென்பொருளே வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்கிறது. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் பார்த்து முடித்தவருக்கு நிலாவும் ஆண்ட்ரோமெடாவும் பக்கத்துப் பக்கத்துத் தெரு.

மாற்று வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. விசைப்பலகையின் மேல்வரிசையில் எஃப் 2 அழுத்தினால் நொடிக்கு 1 கி.மீ., எஃப் 3 என்றால் 1,000 கி.மீ., எஃப் 4 ஒளியின் வேகம், எஃப் 6 நொடிக்கு ஒரு வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான 14.96 கோடி கி.மீ., எஃப் 7 நொடிக்கு ஒரு ஒளியாண்டு. எஃப் 1 நிறுத்தும்.

செய்யும் முறை இது. ஹெச் அழுத்திச் சூரியனைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 3 என்ற எண்ணை அழுத்தினால் பூமி. ஜி-யை இங்கே ஒரே ஒருமுறை மன்னிக்கலாம். ஸ்பேஸ் பாரைத் தட்டிக் காலத்தை நிறுத்துங்கள். இதை விட்டால் நீங்கள் போய்ச்சேரும் நேரத்துக்குள் நிலா நகர்ந்திருக்கும். எஃப் 2 வேகத்தில் நிலாவைத் தொட நாலரை நாள் ஆகும், அதற்குள் அது தன் சுற்றில் ஆறில் ஒரு பங்கு ஓடிவிடும். அடுத்து, போக வேண்டிய பொருளைத் தேர்ந்தெடுத்து சி அழுத்தி அதைத் திரையின் நடுவே கொண்டுவாருங்கள். எஃப் விசைகள் நீங்கள் பார்க்கும் திசையில்தான் தள்ளும், இலக்கைத் தேடிப் போகாது. வந்து சேர்ந்தாலும் தானாக நிற்காது. அதன் பிறகு எஃப் 4.

நிலா ஒன்றேகால் நொடியில் கடந்துபோகும். சூரியனை நோக்கித் திரும்பி அதையே செய்தால் 8 நிமிடம் 19 நொடி, திரையில் கிட்டத்தட்ட ஒன்றுமே அசையாது. மென்பொருள் உறைந்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுபவர்கள் உண்டு. உறையவில்லை, ஒளி அவ்வளவு மெதுவானது. இந்தச் சலிப்புக்காகவே செலஸ்டியாவைப் பரிந்துரைக்கலாம்.

எஃப் 6-க்கு மாறினால் நெப்டியூன் சுமார் அரை நிமிடத்தில் வரும். அதே வேகத்தில் அடுத்த விண்மீனான பிராக்ஸிமா சென்டாரிக்கு மூன்று நாளுக்கும் மேல். எஃப் 7-இல் அது நாலே கால் நொடி, ஆனால் பால்வெளியின் மையத்துக்கு ஏழு மணி நேரம், ஆண்ட்ரோமெடாவுக்கு 29 நாள். ஜி-யின் ஐந்து நொடி எவ்வளவு பெரிய பொய் என்பது இந்த 29 நாளில் தெரியும். எஃப் 7-இல் ஒரு எச்சரிக்கை: நிறுத்தும் விசையை அரை நொடி தாமதமாக அழுத்தினால் அரை ஒளியாண்டு தள்ளிப் போயிருப்பீர்கள், நெப்டியூன் தூரத்தைப்போல் ஆயிரம் மடங்கு. திரும்பிப் பார்த்தால் பிராக்ஸிமா எந்தப் புள்ளி என்று தேட வேண்டும். விண்மீனை நெருங்கும்போது எஃப் 6-க்கு இறங்குவது நல்லது. தூரம் காட்டும் எண்ணுக்குப் பின்னால் அலகு கி.மீ., வானியல் அலகு, ஒளியாண்டு என்று சத்தமில்லாமல் மாறும், அதையும் கவனியுங்கள்.

வேகத்தை விட்டு இடத்துக்கு வருவோம். மெனுவில் பொருளுக்குப் போகும் பெட்டியில் தூரத்தை எண்ணாகவே கொடுக்கலாம். பூமியைத் தேர்ந்தெடுத்து 600 கோடி கி.மீ. கொடுங்கள். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம் பூமியைப் படமெடுத்தது ஏறக்குறைய அந்தத் தூரத்திலிருந்துதான். திரையில் தெரியும் பெயர்களை அணைத்துவிட்டால் பூமியைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். இன்னும் வெளியே, 56 ஒளியாண்டு போனால் சூரியனின் பிரகாச அளவு (எண் கூடக் கூட மங்கல்) 6-ஐத் தொடும். வெறுங்கண்ணுக்கு அதோடு சரி. பால்வெளியின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இனி குறைகள். அடிப்படை விண்மீன் பட்டியல் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளுடையது, 1997-இல் வெளிவந்தது, ஒரு லட்சத்துச் சொச்சம் விண்மீன்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் சிறு கோணம்தான் இடமாறு, தூரத்தை அதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். அந்த அளவீட்டில் பிழை ஒரு மில்லி ஆர்க்செகண்ட், அதாவது ஒரு பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு, அளவில் இருக்கும். 326 ஒளியாண்டில் இடமாறே 10 மில்லி ஆர்க்செகண்ட்தான் என்பதால் தூரத்தில் பத்துச் சதவீதம் ஆடும். ஆயிரம் ஒளியாண்டைத் தாண்டினால் எண்ணை நம்ப வேண்டாம். திருவாதிரை விண்மீனுக்கு அந்தப் பட்டியல் தருவது சுமார் 430 ஒளியாண்டு. பின்னால் வந்த அளவீடுகள் 500-க்கும் மேலே தள்ளிவிட்டன. ஆகவே விண்மீன் கூட்டங்களின் உருவம் பறக்கும்போது சிதைவதைக் காட்ட நினைப்பவர்கள் திருவாதிரை இருக்கும் மிருகசீரிடப் (ஓரியன்) பக்கம் போகாமல் சப்தரிஷி மண்டலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து விண்மீன்கள் 80 ஒளியாண்டு வாக்கில் கூட்டமாக இருக்க, இரு முனைகளிலும் உள்ள இரண்டு மட்டும் நூறைத் தாண்டிப் பின்னால் நிற்கின்றன. சாய்கோட்டு விசை (/) விண்மீன்களை இணைக்கும் கோடுகளைப் போடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், இரண்டாயிரம் ஒளியாண்டு வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் தெரிகிறது: விண்மீன்கள் ஒரு பந்துபோல் குவிந்திருக்க, நடுவே சூரியன், அதோடு நம் பூமியும். பூமிதான் மையம் என்று கோப்பர்நிக்கஸுக்கு முன் சொன்னார்களே, அதற்கு ஆதாரம் கிடைத்ததுபோல் இருக்கும்! காரணம் எளிது. பட்டியலில் இருப்பவை இங்கிருந்து பார்க்கப் பிரகாசமானவை. மங்கலானவை பக்கத்தில் இருந்தால்தான் இடம்பிடிக்கும், தூரம் போகப் போக விடுபடும். பந்து என்பது நம் பார்வையின் எல்லை, விண்மீன்களின் எல்லை அல்ல. பால்வெளியில் உள்ளவை பத்தாயிரம் கோடிக்கும் மேல். மாணவர்களுக்குக் காட்டுபவர்கள் இதைச் சொல்லாமல் நகரக் கூடாது. மென்பொருள் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

கேலக்ஸிகளுக்கு அப்பால் செலஸ்டியா கைவிரித்துவிடும். விரியும் பிரபஞ்சமோ, பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியோ இதன் வேலை இல்லை. அந்த அளவுக்கு ஓப்பன்ஸ்பேஸ் என்ற மென்பொருள் பொருத்தம். விண்மீன் தூரங்கள் துல்லியமாக வேண்டுமென்றால் விண்மீன் தூரங்களை அளந்த கையா செயற்கைக்கோளின் தரவில் ஓடும் கையா ஸ்கை என்ற மென்பொருள். அதன் பெரிய பட்டியல்களை இறக்கினால் நல்ல கிராஃபிக்ஸ் அட்டையும் நிறைய வட்டு இடமும் கேட்கும். சூரியக் குடும்பத்திலிருந்து நூறு, இருநூறு ஒளியாண்டு வரைக்கும் செலஸ்டியாவே போதும், எஃப் வரிசையில் கை வைத்தபடி.