பட்டாள ஆவணத்தில் பெயர்த் திருத்தம்: மூன்று வாசல்களில் எது திறக்கிறது?

படைவீரர் பெயரோ அவர் மனைவி பெயரோ ராணுவ ஆவணத்தில் தப்பாக இருந்தால், இன்று தட்டிப் பார்க்க மூன்று வாசல்கள் உண்டு. ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், வீரர்களின் கோப்புகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ். மூன்றுமே மனுவை வாங்கிக்கொள்ளும். திருத்தும் அதிகாரம் இருப்பது மூன்றாவதற்கு மட்டும்தான். இது தெரியாமல் முதல் வாசலிலேயே உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

முதலில் ரெக்கார்டு ஆபீஸ். கடைசியாக வேலை பார்த்த யூனிட்டுக்கு எழுதிப் பயனில்லை. வீரர் ஓய்வு பெற்றதுமே அவருடைய கோப்பு ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீஸுக்குப் போய்விடும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் பிரிவுக்கும் ஏஎஸ்சி என்ற வழங்கல் பிரிவுக்கும் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈஎம்ஈ என்ற இயந்திரப் பழுதுநீக்கும் பிரிவுக்கு செகந்திராபாத், ஏஎம்சி என்ற மருத்துவப் பிரிவுக்கு லக்னோ, டிஎஸ்சி என்ற பாதுகாப்புக் காவல் பிரிவுக்குக் கண்ணூர். விமானப்படைக்கு டெல்லி சுப்ரோதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்டில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸ். ஆபீசர்களின் கோப்பு டெல்லியில், ராணுவத் தலைமையகத்தில். ரெஜிமெண்டில் ஓய்வு பெற்று டிஎஸ்சியில் மறுபடி சேர்ந்தவர்களுக்கு ஒரு சிக்கல்: இரண்டு சர்வீஸுக்கும் இரண்டு ஆபீஸ். எந்த பிபிஓவில் (பென்ஷன் வழங்கும் உத்தரவில்) பிழையோ அதை வழங்கச் சொன்ன ஆபீஸுக்கு எழுத வேண்டும்.

மனுவின் முதல் வரியில் சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், டிஸ்சார்ஜ் ஆன தேதி. நம்பரின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தை விட்டுவிடுவது சர்வ சாதாரணம். அந்த எழுத்து அலங்காரத்துக்கு இல்லை, நம்பர் சரியா என்று சோதிப்பதற்காக வைத்தது. ஜேசிஓவாக (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரியாக) ஓய்வு பெற்றவர்கள் ஜேசி நம்பரோடு பழைய சிப்பாய் நம்பரையும் எழுதினால் கோப்பு தேடுவது சுலபம். பெயரை, பிழையோடு ராணுவம் எழுதி வைத்திருக்கிறபடியே எழுத வேண்டும். திருத்திய பெயரை மேலே போட்டு மனு அனுப்பினால், அப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை என்று பதில் வரும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வீரரின் சொந்தப் பெயர் என்றால், மனு எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சேரும்போது எழுதிய என்ரோல்மெண்ட் படிவத்திலும் சர்வீஸ் விவரங்களைப் பதியும் ஷீட் ரோலிலும் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு தன் ஷீட் ரோல் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அதில் பெயர் சரியாக இருந்து, டிஸ்சார்ஜ் புக்கிலோ பிபிஓவிலோ மட்டும் பிழை என்றால் அது கிளார்க் பிழை. அவர்கள் ஆவணத்தை அவர்களுக்கே காட்டித் திருத்தச் சொல்கிறோம், அவ்வளவுதான். என்ரோல்மெண்ட் படிவத்திலேயே பெயர் வேறு என்றால் கதை மாறுகிறது. சேர்ந்த தேதிக்கு முந்தைய சான்று வேண்டும்: பள்ளி மாற்றுச் சான்றிதழ், எஸ்எஸ்எல்சி புத்தகம். ஓய்வுக்குப் பிறகு எடுத்த ஆதாரையும் பான் கார்டையும் எத்தனை நகல் இணைத்தாலும் இங்கே அவற்றுக்கு எடை குறைவு. முழுப் பெயரையே மாற்றிக்கொண்டவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு இல்லாமல் எதுவும் நகராது.

மனைவி பெயர்தான் தமிழ்நாட்டில் மிகப் பெரிய தலைவலி. கல்யாணமாகி லீவு முடிந்து திரும்பியதும் யூனிட் ஆபீஸில் மனைவி பெயரைச் சொல்ல, கிளார்க் தன் காதில் விழுந்தபடி எழுதி பார்ட் டூ ஆர்டர் (வீரரின் சொந்த, குடும்ப விவரங்களைப் பதியும் உத்தரவு) போட்டிருப்பார். வடக்கத்தி கிளார்க் என்றால் தனலட்சுமியின் நடுவே கேஎஸ்எச் போய் எக்ஸ் வந்திருக்கும். ‘தன’வில் இருக்க வேண்டிய எச் காணாமல் போயிருக்கும். அத்தோடு நம் இனிஷியல். கல்யாணத்தின்போது அப்பா பெயரின் எழுத்து, ஆதாரில் கணவர் பெயரின் எழுத்து, வங்கியில் இனிஷியலே கிடையாது. வீரர் இருக்கும்வரை இது யாருக்கும் உறுத்தாது. அவர் காலமான பிறகு குடும்பப் பென்ஷன் கேட்டுப் போகும்போது, பிபிஓவில் இருக்கும் பெண் நான்தான் என்று அந்த அம்மாவே நிரூபிக்க வேண்டிவரும். கணவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது.

இதற்கு ரெக்கார்டு ஆபீஸ் கேட்கும் கட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: மனு, டிஸ்சார்ஜ் புக் நகல் (குடும்ப விவரப் பக்கம் கட்டாயம்), முதல் பிபிஓவும் அதன்பின் வந்த திருத்த பிபிஓக்களும், இருவரின் ஆதார், பான், வங்கிப் புத்தக முதல் பக்கம், சேர்ந்து எடுத்த புகைப்படம், அஃபிடவிட். அஃபிடவிட்டில் மூன்று விஷயம் இருந்தாக வேண்டும். ராணுவ ஆவணத்தில் இன்ன பெயரிலும் ஆதாரில் இன்ன பெயரிலும் குறிக்கப்பட்டவர் ஒருவரே. அவர் என் சட்டப்படியான மனைவி. இனி இந்தப் பெயரே எங்கும் இருக்க வேண்டும். இரண்டு பெயர்களையும் எழுத்துக்கு எழுத்து, புள்ளி, இடைவெளி உட்பட அந்தந்த ஆவணத்தில் உள்ளபடியே டைப் செய்ய வேண்டும். கோர்ட் வாசலில் அவசரத்தில் அடிக்கும் அஃபிடவிட்டில் மூன்றாவதாக ஒரு எழுத்துக்கூட்டல் புகுந்துவிடும். கட்டு திரும்பி வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

நோட்டரி போதுமா, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் வேண்டுமா, பத்திரிகை விளம்பரம் தேவையா என்பதில் ஆபீஸுக்கு ஆபீஸ் வழக்கம் மாறுகிறது. கேட்டுவிட்டுச் செலவு செய்வது நல்லது. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நம் ரேஷன் அட்டை தமிழில் இருப்பதால் ஜபல்பூரில் அதை யாரும் படிக்கப் போவதில்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் சான்றொப்பமிட்ட மொழிபெயர்ப்போடு வைக்கலாம். ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை முதல் தபாலிலேயே அனுப்புவது ஆபத்து. எழுத்தில் கேட்டால் மட்டும், அத்தனை பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும்.

இந்தக் கட்டைச் சரிபார்க்க மாவட்ட நல அலுவலகத்தை மிஞ்ச ஆளில்லை. மூன்று வாசல்களில் நம் பாஷையில் பதில் கிடைப்பது இங்கேதான், கட்டணமும் இல்லை. அவர்களுடைய மேலொப்பமும் முகப்புக் கடிதமும் சேர்ந்து போகும் மனுவுக்கு ரெக்கார்டு ஆபீஸில் மதிப்பு கூடுதல். ஆனால் அவர்களால் திருத்த முடியாது, அனுப்பத்தான் முடியும். ‘ஜில்லா ஆபீஸில் கொடுத்தாச்சு’ என்று இருந்துவிடாமல், அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாசலில் நின்று பேரம் பேசும் ஏஜெண்டுகளுக்கு இந்த வேலையில் செய்ய எதுவுமே இல்லை.

ஸ்பர்ஷ் தளத்தில் முகவரி, மொபைல், வங்கிக் கணக்கு போன்றவற்றுக்குக் கோரிக்கை போடுவது சுலபம். பெயர் அப்படியில்லை. பழைய பிபிஓவிலிருந்து ஏற்றிய விவரம்தான் அங்கே தெரிகிறது. கோரிக்கை போட்டாலும் அது சுற்றிக்கொண்டு ரெக்கார்டு ஆபீஸ் சரிபார்ப்புக்குத்தான் வந்து நிற்கும். பார்ட் டூ ஆர்டர் போட்டு ரெக்கார்டு ஆபீஸ் பரிந்துரைத்த பிறகே திருத்த பிபிஓ வரும். ராணுவத்துக்கு அதை வழங்குவது பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம். ஆகவே ஸ்பர்ஷை நிலவரம் பார்க்கவும் புகார் எண் வாங்கவும் பயன்படுத்தலாம். அந்த வேலைக்கு அது நல்ல கருவி. ஒரு சின்ன விஷயம்: உயிர்வாழ் சான்று ஏற்கப்படாததற்குப் பெயர் மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றில் பென்ஷன் வழங்குபவர் என்ற கட்டத்தில் ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுக்காமல் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்தாலும் இதே கதிதான்.

வீரர் பெயரில் ஒரு எழுத்தோ இனிஷியலோ மட்டும்தான் வித்தியாசம் என்றால், ராணுவத்தைத் தொடாமல் ஆதாரை பிபிஓவுக்கு ஏற்ப மாற்றிவிடுவதே எங்கள் பரிந்துரை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை திருத்தலாம். ஓய்வூதியர் அடையாள அட்டை அங்கே சான்றாகச் செல்லும். பட்டா, பத்திரம், பான் எல்லாம் ஆதார்ப் பெயரிலேயே இருந்தால் இந்த வழி வேண்டாம், ஒரு முடிச்சை அவிழ்த்து நாலு முடிச்சு போட்ட கதையாகும்.

ரெக்கார்டு ஆபீஸிலிருந்து பதிலே வரவில்லை என்றால், இரண்டாவது மனுவை விட ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) வேகமாக வேலை செய்கிறது: இன்ன தேதி மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, பார்ட் டூ ஆர்டர் எண் என்ன என்று இரண்டே கேள்வி. அடுத்தது மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் புகார். எழுத்தில் மறுத்துவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

இந்த மனுவிலேயே மனைவியின் பிறந்த தேதியையும் பதியச் சொல்வது நல்லது. பழைய பிபிஓக்களில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். குடும்பப் பென்ஷனில் 80 வயதிலிருந்து 20 சதவீதமும் 85லிருந்து 30 சதவீதமும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். அதைக் கணக்கிட ஆவணத்தில் பிறந்த தேதி இருந்தாக வேண்டும். திருத்த பிபிஓ கைக்கு வந்ததும் பெயரை மட்டும் பார்க்காமல் இந்த வரியையும் பார்த்து, பிறகு ஈசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டைக்கும் கேன்டீன் அட்டைக்கும் அதன் நகலைக் கொடுக்கலாம்.