ஒச்சூகெனா, ஒசெய்போவா?

ஜப்பானில் கோடையில் தரும் நன்றிப் பரிசு ஒச்சூகென், ஆண்டிறுதியில் தருவது ஒசெய்போ. மேலதிகாரிக்கோ ஆசிரியருக்கோ ஆண்டுக்கு ஒரு பரிசுதான் கட்டுப்படியாகும் என்பவர்களுக்கு:

காலம்: ஒச்சூகென் டோக்கியோ பக்கம் ஜூலை முதல் பாதி, கான்சாயில் (ஒசாகா, கியோட்டோ பகுதி) பெரும்பாலும் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. இந்தக் குழப்பமே ஒரு தலைவலி. ஒசெய்போ டிசம்பரில், ஏறக்குறைய 20ஆம் தேதிக்குள்.

பொருள்: கோடையில் சோமென் நூடுல்ஸ், பீர், ஜெல்லி. குளிர்காலத்தில் ஹாம், சால்மன், நண்டு.

செலவு: பொதுவாக 3,000 முதல் 5,000 யென், ஒசெய்போ சற்றுக் கூடலாம்.

தேதி தவறினால்: ஒச்சூகெனுக்கு, ஆகஸ்ட் தொடக்கம்வரை என்றால், நோஷித் தாளில் (பரிசின் மேல் சுற்றும் அலங்காரத் தாள்) 'ஷோச்சூ மிமாய்' (கோடைகால நலவிசாரிப்பு) என்று எழுதி அனுப்பலாம், ஒசெய்போவைப் புத்தாண்டுப் பரிசாக்கலாம்.

ஒன்றுதான் என்றால் ஒசெய்போ. ஆண்டு முழுவதற்குமான நன்றி அதில் அடங்கும். தொடங்கினால் ஆண்டுதோறும் தொடர வேண்டும். ஒருமுறை உதவியவருக்கு இரண்டுமே வேண்டாம். 'ஒரெய்' என்றெழுதிய நன்றிப் பரிசு போதும்.