மதில்டாவுக்கு ஒரு நடிகை போதுமா, இருவர் வேண்டுமா?

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நெக்லஸ்’ 1884-இல் வெளியான கதை. இதை நாடகமாக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்வார்கள். பழைய தோழி ஃபொரெஸ்தியேவிடம் இரவல் வாங்கிய வைர நெக்லஸைத் தொலைத்து, 36,000 பிராங்குக்குப் புதிது வாங்கிக் கொடுத்து, பத்து வருஷம் கடன் அடைத்தவள் மதில்டா. கடைசியில் பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையில் எதிர்ப்படும் அதே ஃபொரெஸ்தியேவுக்கு அவளை அடையாளம் தெரிவதில்லை. அந்த அளவு மாறிப்போன தோற்றத்துக்கு ஒரே நடிகைக்கு வேஷம் மாற்றலாம். அல்லது பிற்பகுதிக்கு வேறொருவரை இறக்கலாம்.

இருவர் என்றால் உடை மாற்றும் அவசரம் இல்லை. விளக்கை அணைத்துப் போட்டால் பத்து வருஷம் ஓடிவிடும். வாட்டசாட்டமான ஒருவரைத் தேடியும் பிடிக்கலாம். சிக்கல் பார்க்கிறவர்கள் பக்கம் வருகிறது. புது முகம் ஒன்று கூடையோடு நடந்து வந்தால் அவர்களும் ஃபொரெஸ்தியேவோடு சேர்ந்து ‘யார் இது?’ என்று விழிப்பார்கள். அவள் தன் பெயரைச் சொன்ன பிறகுதான் பிடிபடும். அதிர்ச்சியெல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டால், கொஞ்சம் தள்ளி ஃபொரெஸ்தியே சொல்கிற ‘என் நெக்லஸ் போலி, மிஞ்சிப்போனால் 500 பிராங்க் பெறும்’ என்ற வசனம் சப்பென்று விழும். கதையின் உயிரே அந்த வசனம்.

எப்படியும் இருவரைத்தான் போட வேண்டுமென்றால், ஆள் மாறுவதை மறைக்காதீர்கள். தண்ணீர் சுமந்து மாடி ஏறும்போது மதில்டா ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குவாள் என்று கதையிலேயே இருக்கிறது. முதல் நடிகை அப்படி நிற்கட்டும். இரண்டாமவர் வந்து வாளியை வாங்கிக்கொண்டு மேலே ஏறட்டும்.

இருந்தாலும் ஒரே நடிகைதான் சரி. ஃபொரெஸ்தியேவுக்குத் தெரியாதது நமக்குத் தெரிய வேண்டும். இதில் சொதப்பல் நடப்பது மேக்கப்பில்: தலையில் வெள்ளைப் பவுடர், கண்ணுக்குக் கீழே கருப்பு, முதுகில் கூன், போதாததற்கு இருமல் வேறு. மதில்டா நோயாளி இல்லை. வயதானவள்போலத் தெரிந்தாள் என்று சொன்ன கையோடு, உரமேறிய முரட்டுப் பெண்ணாகிவிட்டாள் என்கிறார் மாப்பசான். சரியாக வாராத தலை, கோணிக் கிடக்கும் பாவாடை, சிவந்த கைகள், உரத்த பேச்சு, தண்ணீரை வாரியடித்துத் தரை கழுவும் வேகம். அந்த வரியில் முகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆக, ஒப்பனைக்காரருக்கு வேலை மணிக்கட்டுக்குக் கீழேதான்.

மாற்றும் வரிசை முக்கியம். விருந்து கவுனை முதலில் கழற்ற வேண்டும். முதுகுப்பக்கம் ஹூக்குக்குப் பதில் வெல்க்ரோ வைத்துத் தைத்திருந்தால் நொடியில் வேலை முடியும். அடுத்து முரட்டுத் துணிப் பாவாடை. இடுப்பு முடிச்சை நடுவிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டால் கோணல் தானாக வரும். பிறகு கொண்டையை அவிழ்த்துக் கையாலேயே முடிந்துகொள்ளலாம். கைச் சிவப்பு கடைசியில்தான். முதலிலேயே பூசினால் உடை மாட்டும்போது துணியெல்லாம் ஈஷிக்கொள்ளும். எண்ணெய்ப் பசையுள்ள வண்ணம் ஆகாது. தண்ணீரில் குழைக்கும் வண்ணத்தை விரல் மூட்டுகளில் அழுத்தமாகவும் புறங்கையில் லேசாகவும் பூசி, மேலே பவுடர் ஒற்ற வேண்டும். உள்ளங்கை முழுக்கச் சிவந்தால் மருதாணி வைத்த மாதிரி இருக்கும். உதவிக்கு ஒருவர் இருந்தால் மூன்று நான்கு நிமிஷத்தில் முடித்துவிடலாம்; அந்த நேரத்துக்குக் கணவர் லுவாஸேல் இரவில் பக்கத்துக்கு 5 சூ (சில்லறைக் காசு) கூலியில் நகல் எழுதும் காட்சி போதும்.

குரலுக்கு மேக்கப் கிடையாது, ரிகர்சல்தான். முற்பாதியில் அடக்கிப் பேசிய நடிகை பிற்பாதியில் காய்கறிக்காரரோடு பேரம் பேசும் குரலுக்கு ஏற வேண்டும்.

ஃபொரெஸ்தியேவுக்கு நரை எதுவும் வைத்துவிடாதீர்கள். இளமையும் அழகும் அப்படியே இருக்கிறது என்பதுதான் கதை. தொப்பியை மாற்றி, கூட ஒரு குழந்தையை நடத்திவந்தால் போதும்.

தொலைந்த நெக்லஸுக்கும் வாங்கிக் கொடுத்த நெக்லஸுக்கும் ஒரே நகையைப் பயன்படுத்தலாம். மேடையில் இரண்டும் போலிதானே. கறுப்பு சாட்டின் பெட்டி மட்டும் கட்டாயம் வேண்டும். மாற்று நகையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஃபொரெஸ்தியே அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கக் கூடாது.