கூட்டாகவா, தனியாகவா? போக்குவரத்து ஆய்வுக்கு ஐரோப்பிய நிதி

மின்பேருந்துக்கு சார்ஜர் செய்யும் சிறு ஐரோப்பிய நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவுக்குள்ளேயே (2021–2027) இரண்டு வாசல்கள் உண்டு.

ஒன்று கூட்டுத் திட்டம். போக்குவரத்து, எரிசக்தி, பருவநிலை மூன்றும் ஹொரைசனின் ஐந்தாம் பிரிவில் வரும். ஆய்வுத் தலைப்பை பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம்தான் முடிவு செய்யும். குறைந்தது 3 நாடுகளின் 3 அமைப்புகள் சேர வேண்டும். ஆய்வுத் திட்டம் என்றால் செலவில் 100 சதவீதம் வரை கிடைக்கும்; புத்தாக்கத் திட்டம் என்றால் லாப நோக்குள்ள நிறுவனத்துக்கு 70தான். தரம், தாக்கம், செயல்படுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் குறைந்தது 3, மொத்தம் 15க்கு 10 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் பாஸ் மார்க் வாங்கியவர்களுக்கெல்லாம் பணம் வந்துவிடாது. உண்மையான தலைவலி கூட்டாளி தேடுவதுதான். விண்ணப்பக் கெடு நெருங்கும்போது நல்ல பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே வேறு அணியில் இருக்கும்.

மற்றது, ஐரோப்பிய புத்தாக்க மன்றத்தின் ஆக்ஸிலரேட்டர்; புதுப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக உதவும் நிதி. தனியாகவே போகலாம். மானியம் 25 லட்சம் யூரோவுக்குள். அதோடு பங்கு முதலீடும் கேட்கலாம். 3 நிமிட வீடியோவில் தொடங்கி நடுவர் குழுவின் நேர்காணல் வரை போகும். அங்கே ஆய்வுக் கட்டுரைகளை அடுக்கிப் பயனில்லை. யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு என்று துருவுவார்கள்.

சார்ஜர் இன்னும் ஆய்வுக்கூட மேசையை விட்டு இறங்கவில்லை என்றால், ஆக்ஸிலரேட்டர் பக்கம் போகவே வேண்டாம்.