தனி வகுப்பா, பாடத்தாவலா?

மீத்திறன் (வயதை மிஞ்சிய திறமை) கொண்ட குழந்தைகளுக்கான முழுநேரத் தனி வகுப்பில் சேர்ப்பதா, இருக்கும் பள்ளியிலேயே வலுவான பாடத்தை மட்டும் மேல்வகுப்பில் படிக்க வைப்பதா (பாடத்தாவல்)?

தேர்வு
தனி வகுப்பு: பல இடங்களில் நுண்ணறிவு ஈவு (IQ) 130 எல்லை. சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவும் அளவு) 15 என்றால் அது மேல் 2 சதவீதம். 127க்கும் 131க்கும் உள்ள இடைவெளி அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்காக அழவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம்.
பாடத்தாவல்: மேல்வகுப்பின் ஆண்டிறுதி வினாத்தாளைக் கொடுத்தாலே தெரிந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1972இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 12, 13 வயதினருக்குக் கல்லூரி நுழைவுக்கான கணிதத் தேர்வை வைத்ததும் இதே யுக்திதான்.

மனம்
தனி வகுப்பு: ஒத்த வேகத் தோழர்கள் கிடைப்பார்கள். ஆனால் எப்போதும் முதலிடம் பிடித்த குழந்தை நடுவரிசைக்கு வரும். 'எனக்கு ஒன்றும் வராது' என்ற பேச்சு தொடங்கலாம்.
பாடத்தாவல்: பழைய நண்பர்கள் தொடர்வார்கள்.

நடைமுறை
தனி வகுப்பு: பயண நேரமும் வீட்டுப்பாடமும் கூடும்.
பாடத்தாவல்: பெரும்பாலும் கெடுவது கால அட்டவணையில்தான். இரு வகுப்புக்கும் கணக்குப் பீரியட் ஒரே நேரத்தில் இல்லையென்றால் குழந்தை வேறு பாடத்தை இழக்கும். பள்ளியின் கடைசி வகுப்பை எட்டியதும் மேலே சொல்லித்தர ஆளிருக்காது. இந்த இரண்டு சிக்கலுக்கும் பள்ளியிடம் முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எல்லாப் பாடத்திலும் முன்னே ஓடி, வகுப்பில் சலித்துப்போகிற குழந்தைக்குத் தனி வகுப்பு. கணக்கில் மட்டும் பாய்ந்து, எழுத்தில் வயதுக்கேற்ப இருப்பவருக்குப் பாடத்தாவலே போதும்.