பாதியில் நிற்கும் சிவப்புக் கோடு: காணொளித் தளங்களோடு பதினோரு ஆண்டுகள்

நான் முதன்முதலாகக் கைக்கடிகாரம் ஒன்றைப் பிரித்தபோது எதிரில் ஆசிரியர் யாரும் இல்லை. காணொளி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 2014ஆம் ஆண்டு அது. சாவி கொடுத்து ஓட்டும் பழைய கடிகாரம், தாத்தா கட்டியிருந்தது. நாற்பது நிமிடப் பாடத்தின் இருபத்திரண்டாவது நிமிடத்தில் கடுகைவிடச் சிறிய திருகாணி ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்துக் காணாமல் போனது. தேடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. மறுபடி யூடியூபைத் திறந்தேன். அந்தக் காணொளியின் முகப்புப் படத்துக்கு அடியில் சிவப்புக் கோடு பாதிவரை நீண்டு நின்றிருந்தது. தொட்டதும் அதே இருபத்திரண்டாவது நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

பயனர்களை அடிக்கடி திரும்ப வரவைக்க இந்தத் தளங்கள் செய்யும் முயற்சிகளுக்குக் கணக்கில்லை. புதிய காணொளி வந்ததை அறிவிக்கும் மணி, மின்னஞ்சல், பரிந்துரை, தானாகவே ஓடும் அடுத்த காணொளி என்று பதினோரு ஆண்டுகளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். எது உண்மையிலேயே என்னைத் திரும்ப வரவைத்தது என்று கேட்டால் அந்தச் சிவப்புக் கோட்டைத்தான் முதலில் சொல்வேன். நான் விட்டுப்போன இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருந்தது அது.

தளங்களை நடத்துபவர்கள் பொதுவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மாதத்தில் ஒருமுறையேனும் வருபவர்களில் எத்தனை பேர் ஒவ்வொரு நாளும் வருகிறார்கள்? அந்த விகிதம் ஏறினால் வெற்றி. அந்த அளவுகோலில் நான் மோசமான பயனர்தான். ஒரு சனிக்கிழமை ஒரே பாடத்தைப் பதினான்கு முறை திறந்திருப்பேன். பின்பு ஆறு வாரம் எட்டிப் பார்த்திருக்க மாட்டேன். உதிரிப்பாகம் வந்து சேர வேண்டும், கை ஓய்வாக இருக்க வேண்டும், வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும். அந்த ஆறு வாரத்தில் எந்த அறிவிப்பு வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஆனாலும் நான் போய்விட்டவன் அல்லன்.

நாளுக்கு முப்பது முறை திறந்த செயலி ஒன்றும் என் அனுபவத்தில் உண்டு. குறுங்காணொளிகளுக்கான செயலி அது. நான்கு மாதம் வைத்திருந்தேன். திறந்த கணமே திரை முழுக்க ஒரு காணொளி ஓடும். விரலை மேலே தள்ளினால் அடுத்தது. எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. தொடர்ந்து எத்தனை நாள் வந்தேன் என்று ஓர் எண்ணைக் காட்டும். ஒரு நாள் தவறினால் அது பூஜ்யமாகிவிடும். இரவு பதினொன்றரை மணிக்கு அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகவே திறந்திருக்கிறேன். உங்கள் நண்பர் புதிய காணொளி பகிர்ந்துள்ளார் என்று அறிவிப்பு வரும். போய்ப் பார்த்தால், எப்போதோ ஒருமுறை பேசிய தொலைபேசி எண்ணுக்கு உரியவராக இருப்பார். படுக்கும்போது அன்று பார்த்தவற்றில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன்; முடியவில்லை. மூன்று இரவுகள் இப்படிச் சோதித்த பிறகு செயலியை நீக்கிவிட்டேன். அதன் ஏட்டில் நான்கு மாதமும் நான் மிகச் சிறந்த பயனராக இருந்திருப்பேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அந்தப் பக்கம் போகவில்லை.

யூடியூபின் கணக்கும் காலத்தோடு மாறியிருக்கிறது. தொடக்கத்தில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதற்கே பரிந்துரையில் முதலிடம். பொய்த் தலைப்பும் மிகைப்படுத்திய முகப்புப் படமும் வைத்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. 2012இல் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள். பிறகு அதுவும் போதவில்லை என்று, பார்த்த காணொளிக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடச்சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். நான்கும் ஐந்தும் பெற்றவற்றையே பயனுள்ள நேரமாக எண்ணுவதாக 2021இல் விளக்கினார்கள். அந்தக் கேள்வி எனக்கும் சில முறை வந்தது. ஒவ்வொரு முறையும் யோசித்தே பதில் கொடுத்தேன். அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன்: இதைப் பார்த்துவிட்டு எதையாவது செய்து பார்த்தீர்களா? பார்த்து முடித்த உடனே கேட்கக் கூடாது. ஒரு வாரம் கழித்துக் கேட்க வேண்டும்.

மணியைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. ஒரு கட்டத்தில் அறுபது சேனல்களுக்கு 'அனைத்தும்' என்று வைத்திருந்தேன். ஒரு சேனலுக்கு நாளொன்றுக்கு மூன்று அறிவிப்புதான் என்ற வரம்பு இருந்தும் கைப்பேசி ஓயவில்லை. எதையும் திறக்காமல் துடைத்துத் தள்ளுவது பழக்கமாகிவிட்டது. இன்று நான்கு சேனல்களுக்கு மட்டும் மணி. மற்றவை எல்லாம் நாளுக்கு ஒருமுறை, நான் குறித்த நேரத்தில், ஒரே தொகுப்பாக வருகின்றன. இந்த வசதி அமைப்புகளுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. தேடி எடுத்துப் போடுங்கள். அறிவிப்புகளைக் குறைத்த பிறகுதான் வந்த அறிவிப்பைத் திறக்கத் தொடங்கினேன்.

மூன்றாவதாக, கட்டணம் வாங்கிக்கொண்டு பாடங்களைத் தரும் சிறிய தளம் ஒன்று. பன்னிரண்டு பாடங்களில் ஒன்பதை முடித்திருந்தேன். வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருந்ததால் சில வாரம் போகவில்லை. 'உங்களை நீண்ட நாளாகக் காணோம், எங்களை மறந்துவிட்டீர்களா?' என்று ஒரே வாரத்தில் ஐந்து மின்னஞ்சல்கள். அந்த நாட்களில் அந்த வரி என்னைச் சுட்டது. அஞ்சலை நிறுத்தும் இணைப்பு கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது. அதைத் தொட்டால் கடவுச்சொல் கேட்டது. ஒரே ஒரு அஞ்சல், 'மூன்று பாடங்கள் பாக்கி, மொத்தம் ஐம்பது நிமிடம், எப்போது வேண்டுமானாலும் தொடரலாம்' என்று வந்திருந்தால் நிச்சயம் போயிருப்பேன். அந்த மூன்று பாடங்களை இன்றுவரை பார்க்கவில்லை.

என்னை உண்மையாகவே கட்டி இழுத்தவர்கள் மனிதர்கள். ஒரு கடிகாரப் பழுதுநீக்குநர், முகத்தைக் காட்டாமல் கைகளை மட்டும் காட்டுபவர், இரு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பாடம் வெளியிடுவார். பிரித்த கடிகாரத்தை மேசையில் அப்படியே விட்டு முடிப்பார். அந்த வெள்ளிக்கிழமையை எந்த மணியும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2020இல் காணொளியைப் பகுதிகளாகப் பிரித்துப் பெயரிடும் வசதி வந்ததும் பழைய பாடங்களுக்கெல்லாம் அவர் நேரக்குறிப்புகளை எழுதிச் சேர்த்தார். கடிகாரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சமநிலைச் சக்கரத்தைப் பொருத்தும் இடம் எங்கே என்று ஒரு மணிநேரப் பதிவில் துழாவ வேண்டியதில்லை. பழைய பாடங்களுக்கு நான் திரும்பிப் போவது அதன் பிறகு மிகவும் கூடியது.

தாத்தாவின் கடிகாரத்தைப் பூட்டி முடித்தபோது அது நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடியது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து என்பது அதன் கணக்கு. ஏன் விரைகிறது என்று அந்தப் பழுதுநீக்குநருடைய பாடத்தின் கீழே கேட்டிருந்தேன். பதில் வரவில்லை, கடிகாரத்தை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஐந்து மாதம் கழித்து, என் கேள்விக்குப் பதில் வந்திருப்பதாக ஓர் அறிவிப்பு. இரண்டே வரி: 'மயிரிழைச் சுருள் காந்தமேறியிருக்கலாம். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வேகமாகத்தான் ஓடும்.' சமநிலைச் சக்கரத்தை ஆட்டும் நுண்ணிய கம்பிச்சுருளைத்தான் சொன்னார். காந்தநீக்கிக் கருவி ஒன்றை வாங்கிச் செய்து பார்த்தேன், சரியாகிவிட்டது. எனக்கு வந்த ஆயிரக்கணக்கான அறிவிப்புகளில் அந்த ஒன்றை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வாரம் அவருடைய பழைய பாடங்கள் இருபதையும் மறுபடி பார்த்தேன்.

தளங்களை வடிவமைப்பவர்கள் யாரேனும் படித்தால் ஒரு வேண்டுகோள். 2023 ஆகஸ்ட் முதல், யூடியூபில் பார்வை வரலாற்றை, அதாவது பார்த்த காணொளிகளின் பதிவை, அணைத்து வைத்திருப்பவர்களுக்கு, பழைய வரலாறும் பெரிதாக இல்லையென்றால், முகப்பில் பரிந்துரைகள் காட்டப்படுவதில்லை. பரிந்துரை வேண்டாம் என்பவருக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் விட்ட இடத்தை நினைவில் வைப்பதும் அதே வரலாற்றைத்தான் நம்பியிருக்கிறது. இரண்டையும் தனித்தனிப் பொத்தானாகக் கொடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து வருபவருக்கு முதல் வரிசையில் புதியவற்றை அடுக்காமல், அவர் முடிக்காமல் வைத்திருப்பதைக் காட்ட வேண்டும். பட்டியலில் எத்தனையாவது பகுதி, இன்னும் எத்தனை நிமிடம் என்பது போதும்.

இப்போது என் மேசையில் இருப்பது கை அசைவிலேயே சாவி ஏறும் கடிகாரம். முப்பத்தொரு பகுதிகள் கொண்ட பட்டியலில் பதினெட்டு முடிந்திருக்கிறது. பத்தொன்பதாவது எண்ணெய் இடும் பகுதி. எண்ணெய்க் குப்பிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்து சேர்ந்ததும் திறப்பேன்.