பழைய மல்டிப்ளையர் ரீல்: டர்பன் கரையில் பல சீசன் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய மல்டிப்ளையர் ரீல் (கியர் வைத்த மீன்பிடி ரீல்) கைமாறாத வாரம் கிடையாது. மத்திக் கூட்டம் கரையேறும் ஜூன், ஜூலைக்கு முன்னால் எல்லாருக்கும் ரீல் வேண்டும்; விலையும் ஏறிவிடும். ஷேட் மீன் பிடிக்கத் தடை உள்ள அக்டோபர், நவம்பரில் அதே ரீல் கேட்பாரற்றுக் கிடக்கும். வாங்குகிறவர் அப்போது போங்கள். விற்கிறவருக்கு மே மாதம்.

பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். மங்கிய குரோமுடன் கீறல் விழுந்த பென் கம்பெனி ஜிக்மாஸ்டர் 500 ரீல் உள்ளே சுத்தமாக இருக்கும்; மெழுகு போட்டுத் துடைத்தது உள்ளே உப்புக் கட்டியாக இருக்கும். "சர்வீஸ் பண்ணியாச்சு அண்ணே" என்றால் பாதி நேரம் வெளியே எண்ணெய் தடவியாச்சு என்றுதான் பொருள்.

முதலில் பார்க்க வேண்டியது நரம்புக்கு (தூண்டில் நூலுக்கு) அடியில். விற்பவரிடம் கேட்டு நரம்பை முழுதாக உருவிவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் ஸ்பூலின் (நரம்பு சுற்றும் உருளையின்) அடிச்சுற்றில் தங்கிய ஈரம் லேசில் காயாது, உப்பு அங்கேயே உட்கார்ந்து அரிக்கும். அலுமினிய ஸ்பூலில் வெள்ளைப் பொடி தெரிந்தால் விரல்நகத்தால் சுரண்டுங்கள். பொடி போய் வழவழப்பு வந்தால் பரவாயில்லை. குழி தட்டினால் பிரெய்டு (பின்னல் நரம்பு) போட்டு ஓட்டுவதை மறந்துவிடுங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு அவ்வளவு மோசமில்லை, வெள்ளை வினிகரில் கொஞ்ச நேரம் ஊறினால் போய்விடும். அலுமினியத்தை மட்டும் வினிகரில் போடாதீர்கள், கறுத்து அரித்துவிடும். பழைய பிளாஸ்டிக் ஸ்பூலாக இருந்தால் விளிம்பு சேரும் மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரிய மீனோடு இழுபறியில் நீண்ட நைலான், சுற்றிய பிறகு சுருங்கி விளிம்புகளை வெளியே தள்ளும். மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது கியர். ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பலமாகச் சுற்றுங்கள். சும்மா சுற்றும்போது வெண்ணெய் மாதிரி ஓடும் ரீல்கூட, பாரம் ஏறியதும் 'கடக்' என்று தாவும். பித்தளைப் பற்கள் தேய்ந்து சுறாத் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அல்லது பினியனை (சின்னப் பல்சக்கரத்தை) பிடிக்கும் நுகத்தின் காடி அகன்றிருக்கும். பிறகு கைப்பிடியைச் சின்னச் சின்ன வெட்டாகப் பின்பக்கம் 20 தடவை தள்ளுங்கள். ஒரே ஒரு முறை வழுக்கினாலும் டாக் (பின்னோட்டத்தைத் தடுக்கும் கொக்கி) ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது அந்தக் கொக்கி விழும் ராட்செட் சக்கரத்தின் பல் மழுங்கிவிட்டது. ஸ்பிரிங் சில ரேண்டில் முடியும், ராட்செட் அப்படியில்லை.

டிராகை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கத்தோடு விடும் பிரேக்கை, சோதிக்கச் சாதாரண மீன் தராசு போதும். 15 கிலோ நரம்புக்கு 4 முதல் 5 கிலோவில் வைத்து மெதுவாக இழுங்கள். முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 7 வரை போய்ச் சட்டென்று 3க்கு விழுந்தால் வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டார் (டிராகை முறுக்கும் நட்சத்திரச் சக்கரம்) இறுகிய நிலையிலேயே மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த ரீல் அது. கார்பன் வாஷர் மாற்றினால் சரியாகிவிடும் என்பதால் இதற்காக ரீலை ஒதுக்க வேண்டாம், விலையை மட்டும் இறக்குங்கள். டிராகை லீவரால் கூட்டிக் குறைக்கும் லீவர் டிராக் வகையில் லீவரை முழுக்கப் பின்னால் தள்ளி ஸ்பூலைச் சுழற்றுங்கள். உடனே நின்றால், யாரோ பிரீசெட்டை (டிராகின் அடிப்படை இறுக்கத்தை வைக்கும் குமிழை) அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம். தளர்த்தியும் நின்றால் பேரிங் போய்விட்டது.

சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கட்டும். அனுமதி கேட்டு, சைடு பிளேட் திருகு ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி முறுக்குங்கள். அலுமினியத்துக்குள் ஸ்டீல் திருகு உப்போடு இறுகிப்போனால், தலை ஒடியுமே தவிர மரை விடாது. அப்படிப்பட்டதை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் எண்ணெயைத் துடைத்துவிட்டு, சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகுத் தலையில் 2 நிமிடம் அழுத்திச் சூடு ஏற்றிப் பிறகு திருப்புங்கள். ஸ்கி படகில் (கரையிலிருந்தே அலையைக் கடந்து போகும் சின்ன மோட்டார் படகில்) குட்டா மீனுக்குப் போய்வந்த ரீல் என்றால் இந்தச் சோதனை கட்டாயம். அலையைக் கிழித்து வெளியேறும்போது அடிக்கும் தண்ணீரில் மணலும் சேர்ந்தே வரும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதுதான் பாதி விலை. பென் ரீலில் இது எளிது, பாக எண்ணின் முதல் பகுதியே பாகத்தைச் சொல்லிவிடும்: 5 என்றால் மெயின் கியர், 13 பினியன், 29 ஸ்பூல். கரையில் வீச டைவா கம்பெனியின் எஸ்எல் வகை ரீலுக்கு இங்கே எப்போதும் ஆள் உண்டு, விற்கவும் சிரமமில்லை. எங்கள் கணக்கு இது: கேட்டதும் பாகம் கிடைக்கும் நல்ல ரீலுக்குப் புதுவிலையில் பாதி வரை தரலாம். ஸ்பூலோ ஃபிரேமோ குழிவிழுந்திருந்தால் கால்பங்குகூட அதிகம். ஸ்கார்பரோ என்ற ஒற்றைச் சக்கர ரீல் வேறு உலகம். கியரும் இல்லை, டிராகும் இல்லை. அச்சு ஆடுகிறதா, சக்கரம் கோணியிருக்கிறதா, அவ்வளவுதான்.

விற்கும்போது குரோமைத் தேய்க்காதீர்கள், விவரம் தெரிந்தவர் அதைக் கண்டாலே சந்தேகப்படுவார். நரம்பில்லாத ஸ்பூல், ரீல் கால், பிரித்த டிராக் அடுக்கு, திருகுத் தலைகள் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். மாற்றிய பாகத்தைச் சொல்லி, கழற்றிய பழையதையும் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். ரீலைக் கோலில் பிணைக்கும் கிளாம்பும் திருகும் சேர்ந்திருந்தால் பேரமே குறையும். பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. உங்கள் கணக்கில் ஏறிய பிறகே பார்சலைக் கொடுங்கள். கட்டும் முன் ஸ்டாரைத் தளர்த்தி, கைப்பிடியைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். மாட்டியபடி அனுப்பினால் பெட்டி ஒருமுறை கீழே விழுந்தாலே கைப்பிடித் தண்டு வளைந்துவிடும்.